கெட்ட பழக்கம் இல்லாத விரல்

ஒரே நாளில் நாற்பத்தொரு பசுவுக்குக் குளம்பு சீவினால் சாயங்காலம் வலது கை நம்முடையதாக இருக்காது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் யாரோ உள்ளே உட்கார்ந்து ஈரத்துணி பிழிவது போல வலி. விரல்கள் தடித்துப்போய்ச் சட்டைப் பொத்தான் பிடிபடாது. அந்த ஆகஸ்ட் முழுக்க நான் சட்டையைத் தலைவழியாகவே உருவிப் போட்டேன்.

வலியோடு எனக்குச் சண்டை இல்லை. இருபத்திரண்டு வருடமாகக் கிரைண்டிங் மெஷினைப் பிடித்த கை; வலிக்கத்தான் செய்யும். என் சண்டை ஆள்காட்டி விரலோடு. கொல்லையில் வில்லை இழுத்து, இருபத்தைந்து கஜம் தள்ளி வைத்த வைக்கோல் உருளையைக் குறி பார்த்து நின்றால், நான் விடு என்று நினைப்பதற்கு முன்பே அது விட்டுவிடும். அம்பு உருளையில் எங்கோ ஒரு மூலையில் போய்க் குத்தும். உருளை ஐந்தடி அகலம். அதனால்தான் அதிலாவது குத்தியது.

"விரல் செத்துப்போச்சு, ஜோலின்," என்று மனைவியிடம் சொன்னேன். "மெஷின் அதிர்ந்து அதிர்ந்து நரம்பு போயிருச்சு."

அவள் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறவள். தினமும் பதினாறு பேருடைய நரம்புக் கதையைக் கேட்டுவிட்டு வருகிறாள்.

"அப்ப ஞாயித்துக்கிழமை அடக்கம் பண்ணிருவோம். பாஸ்டர்கிட்ட நான் சொல்லிடறேன்," என்றாள்.

எங்கள் வில்லின் நாணை வெறும் விரலால் யாரும் இழுப்பதில்லை. அறுபது பவுண்டு இழுவை. கொக்கி போட்டு இழுத்து, நேரம் வரும்போது கொக்கியைத் திறந்துவிடுவோம். அந்தக் கொக்கிக்கு ரிலீஸ் என்று பெயர். அதில் இரண்டு கட்சி உண்டு. ஒன்று மணிக்கட்டில் தோல்பட்டை போட்டுக் கட்டிக்கொள்வது. துப்பாக்கிக்கு இருப்பது போல ஆள்காட்டி விரலுக்கு ஒரு விசை இருக்கும். இன்னொன்று முஷ்டிக்குள் பிடித்துக்கொள்வது. மேலே கட்டைவிரலுக்கு ஒரு சின்னக் குமிழ். நான் மணிக்கட்டுக் கட்சி. ஜோலினின் தம்பி, என் மச்சான் டெல்மர், அறுபது பசு வைத்துப் பால் கறக்கிறவன், கட்டைவிரல் கட்சி.

பதினொரு வருடமாக நான் அவனைச் சும்மா விட்டதில்லை. அவன் வேட்டைப் பரணில் ஏறும்போதெல்லாம், "எத்தனாவது மாடிக்கு மச்சான்? பட்டனை அமுக்கு," என்பேன். ஒரு வருடம் அவன் அந்தக் கருவியை அடுப்படி மேஜையிலேயே விட்டுவிட்டு வந்து, இருபதடி உயரத்தில் உட்கார்ந்திருந்தபோது, எட்டுக் கிளைக் கொம்போடு ஒரு கலைமான் நேர் கீழே வந்து நின்றது. அவன் இரண்டு வெறுங்கையையும் மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தான். அதுவும் அவனைப் பார்த்தது. இந்தக் கதையை நான் இரண்டு கல்யாணத்திலும் ஒரு ஞானஸ்நானத்திலும் சொல்லியிருக்கிறேன். "மணிக்கட்டுல கட்டிக்கிட்டா மறக்கவே முடியாது. கையை வீட்ல வச்சிட்டு வந்தாத்தான் உண்டு," என்று கடைசியில் சேர்த்துக்கொள்வேன்.

இனி சொல்வதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அந்த ஆகஸ்டுக்கு முந்தின நவம்பரில், ஆர்லிஸ் ப்ரெக்கி என்ற அம்மாளின் மேட்டு நிலத்தில், ஒரு பெட்டை மானை வயிற்றில் அடித்தேன். விலாவுக்குப் பின்னால், ஒரு சாண் தள்ளி. அது ஓடிவிட்டது. இருட்டும் வரை தேடினேன். மறுநாள் வேலைக்குப் போகாமல் தேடினேன். மூன்றாம் நாள் ஆர்லிஸ்தான் காக்கைக் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் தன் குதிரைமசால் தீவன வயல் ஓரத்தில் அதைக் கண்டார். எனக்குப் போன் செய்து, "உன் மான் இங்க கிடக்கு. வந்து எடுத்துட்டுப் போ," என்று மட்டும் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் கிறிஸ்துமஸுக்குள் தீர்ந்துபோயிருக்கும்.

ஆகஸ்ட் பிறந்ததும் அவர் கொட்டில் கதவில் ஓர் அட்டை தொங்கியது. இந்த நிலத்தில் வில்லோடு வருகிறவர்கள் எல்லோரும் செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் தொழிலாளர் தினத்துக்கு முந்தின சனிக்கிழமை வந்து, இருபத்தைந்து கஜத்திலிருந்து ஆளுக்கு மூன்று அம்பு விட வேண்டும். மூன்றும் ஒரு காகிதத் தட்டுக்குள் விழ வேண்டும். விழாதவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். எல்லோரும் என்றால் நானும் டெல்மரும்தான். டெல்மரின் அம்பு தட்டை விட்டு வெளியே போய் யாரும் பார்த்ததில்லை. ஆக, அட்டை யாருக்கு என்பது கொட்டிலில் இருந்த கன்றுகளுக்கும் தெரியும்.

எனக்கு வேறு இடம் கிடையாது. விஸ்கான்சினின் இந்தப் பக்கம் மேடுகளையெல்லாம் சிகாகோக்காரர்கள் குத்தகைக்கு எடுத்து வேலியில் பலகை மாட்டியாகிவிட்டது. ஆர்லிஸின் மேட்டில் பத்தொன்பது வருடமாக உட்கார்கிறேன். அதற்கு ஈடாக அவருடைய கிடாரிகளுக்குக் குளம்பு பார்த்துக் கொடுப்பேன். மான் விழுந்தால் முதுகுக்கறி அவர் வீட்டுக்குப் போகும். கறிக்காக மட்டும் போவதாகச் சொன்னால் அது பொய். வருடம் முழுக்க மாட்டின் பின்பக்கத்தைப் பார்த்துப் பிழைக்கிறவன் நான். அந்த மேட்டில்தான் ஒரு பிராணி முகத்தைக் காட்டிக்கொண்டு என்னை நோக்கி வரும்.

டெல்மரிடம் கேட்பதற்கு அவன் கொட்டிலையே தேர்ந்தெடுத்தேன். அவனுடைய பசு ஒன்றைக் கூண்டில் நிறுத்தி, பின்னங்காலைத் தூக்கிக் கட்டி, குனிந்து சீவிக்கொண்டிருந்தேன். குனிந்திருந்தால் முகம் பார்க்க வேண்டியதில்லை.

"டெல்மர், உங்கிட்ட பழசு ஒண்ணு சும்மா கிடக்குல்ல."

"பழசு என்ன?"

"அதான். ரிலீஸ்."

"எந்த மாதிரி ரிலீஸ்?"

"உன் மாதிரிதான்."

அவன் நடந்து போய்க் கொட்டில் ரேடியோவை அணைத்துவிட்டு வந்தான். "மறுபடி சொல்லு மச்சான். பசுவெல்லாம் கேக்கட்டும்."

"கட்டைவிரல் ரிலீஸ். போதுமா?"

"லிஃப்ட் பட்டனா?"

"ஆமா."

"எந்த மாடிக்குப் போகப் போறே?"

பதினொரு வருடம் சேர்த்து வைத்திருந்தான். பால் கறக்கும் நேரம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்தான். கடைசியில், "தர்றேன். ஆனா ஒரு வாடகை உண்டு," என்றான்.

"என்ன?"

"வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு லெனோர் பார்ல எல்லாரும் இருப்பாங்கல்ல. நீ எந்திரிச்சு நின்னு, 'பதினொரு வருஷமா டெல்மர் சொன்னதுதான் சரி'ன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

"தட்டுல மூணும் விழுந்தாத்தான் சொல்லுவேன்."

"சரி, விழுந்தா."

"பதினொரு வருஷமாங்கறதை விட்ரலாமா?"

"அந்த ரெண்டு சொல்லுக்காகத்தான் மச்சான் வாடகையே."

அடுத்த நாள் என் கொல்லைக்குக் கொண்டுவந்தான். பித்தளையில் உள்ளங்கை அளவு. அதை எப்படிப் பிடிப்பது என்று சொல்ல வாயைத் திறந்தான். "பாத்திருக்கேன், பாத்திருக்கேன்," என்று வாங்கி நாணில் மாட்டினேன். மணிக்கட்டுப் பட்டையில் இழுக்கும்போது விரல்கள் சும்மா கிடக்கும், முன்னங்கைதான் இழுக்கும். இதில் முஷ்டியை இறுக்கி இழுக்க வேண்டும். முஷ்டியை இறுக்கினால் கட்டைவிரலும் சேர்ந்து இறுகும். மாட்டுக் காலைப் பிடித்த கை வேறு எப்படி இறுக்கும்? பாதி இழுவையில் கட்டைவிரல் குமிழில் உட்கார்ந்தது. கொக்கி திறந்தது. அறுபது பவுண்டோடு பின்னால் வந்துகொண்டிருந்த என் முஷ்டியே என் வாயில் குத்தியது.

உட்கார்ந்துவிட்டேன். உதட்டிலிருந்து ரத்தம். முன்பல் ஒன்றின் நுனியைக் காணோம். அம்பு உருளைப் பக்கம் போகவே இல்லை. டெல்மர் என்னைத் தாண்டி நடந்துபோய் ஜோலினின் காய்கறிப் பாத்தியில் குனிந்து பார்த்தான்.

"விழுந்திருச்சு மச்சான்!" என்று கத்தினான். "நல்ல பெரிய பூசணி. துடிக்காம போயிருச்சு. நெஞ்சிலயே அடி."

"வாயை மூடு."

"நீ முதல்ல உன் வாயைப் பாரு. இதை வண்டிக்கு இழுக்க ஆள் வேணுமா?"

இழுக்கும்போது கட்டைவிரலைக் குமிழுக்குப் பின்னால் மடக்கி வைக்க வேண்டும். கை தாடையில் வந்து நின்றபிறகுதான் மேலே எடுத்து வைக்க வேண்டும். இதைத்தான் அவன் சொல்ல வாயைத் திறந்தானாம். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டுக் கறவைக்குப் போனான்.

ஜோலின் வேலை முடிந்து சீருடையோடு வந்தாள். என் வாயைப் பார்த்தாள், பூசணியைப் பார்த்தாள். ஃப்ரீசரிலிருந்து பட்டாணிப் பொட்டலம் ஒன்றை எடுத்து என் உதட்டில் வைத்தாள். பிறகு ஒரு கரண்டியைக் கொண்டுவந்து, "கண்ணை மூடு," என்றாள்.

மூடினேன்.

"இது என்ன?"

"சில்லுனு இருக்கு."

"எந்த விரல்ல?"

ஆள்காட்டி விரலில்.

"செத்துப்போன விரலுக்குச் சில்லுனு தெரியாது, வெண்டல். எந்திரி. உன் பழைய பட்டையைக் கட்டு."

பட்டையைக் கட்டினேன். அவள் எனக்குப் பின்னால் ஒட்டி நின்று, "நீ இழு, குறி பாரு. விசைப் பக்கமே போகாதே. அதை நான் அமுக்கறேன்," என்றாள். முதியோர் இல்லத்தில் கை நடுங்குகிறவர்களுக்குக் கரண்டி பிடித்துக் கொடுக்கிறவள். அதே மாதிரி தன் விரலை விசையில் வைத்தாள். நான் இழுத்து நின்றேன். எப்போது அமுக்குவாள் என்று தெரியாது. தெரியாததால் காத்திருக்கவும் முடியவில்லை. வில்லில் இருக்கும் குறிமுள்ளைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. திடீரென்று அம்பு போய்விட்டது. அப்படியே மூன்று தடவை. மூன்று அம்பும் ஒரு முஷ்டி அகலத்துக்குள் நின்றன.

இரண்டு பேரும் நடந்துபோய்ப் பார்த்தோம்.

"பட்டையில ஒரு கோளாறும் இல்ல," என்றாள். "மாட்டுக் காலைப் பாத்ததும் மெஷினை அமுக்கற விரல் இது. இருபத்திரண்டு வருஷம். மானைப் பாத்தா மட்டும் பொறுமையா இருக்குமா? அந்தப் பெட்டைக்கு அப்புறம் உனக்குப் பயம் வேற. சீக்கிரம் முடிஞ்சாப் போதும்னு விட்டுடறே."

நான் பட்டாணிப் பொட்டலத்தை மறுபடி உதட்டில் வைத்துக்கொண்டேன்.

"அப்ப எந்த ரிலீஸ் எடுக்கறது?" என்று அப்புறம் கேட்டேன்.

"என்னைப் பரண்ல கூட்டிட்டுப் போறதா இருந்தா பட்டை. ஆனா எனக்கு அக்டோபர் முழுக்க மாலை ஷிஃப்டு. அதனால கட்டைவிரல். அதுக்கு இன்னும் கெட்ட பழக்கம் எதுவும் வரலை. வர்றதுக்குள்ள அந்தத் தட்டுல குத்திட்டு வந்துரு."

பன்னிரண்டு நாள் இருந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் முப்பது அம்பு. முதல் நான்கு நாள் கட்டைவிரலைப் பின்னால் மடக்கி இழுப்பதும், தாடைக்கு வந்ததும் மேலே வைப்பதும், விடாமல் இறக்குவதும் மட்டும். குமிழை அமுக்கக் கூடாது. விரலை அதில் உட்காரவைத்துத் தோள்பட்டையைப் பின்னால் இழுக்க வேண்டும். இழுத்துக்கொண்டே இருந்தால் ஒரு நேரத்தில் அதுவாகவே போகும். ஆள்காட்டி விரல் பழக்கதோஷத்தில் மடங்கி மடங்கிப் பார்த்தது. பட்டியில் பசு இல்லாவிட்டாலும் வாலாட்டும் மேய்ப்பு நாய் மாதிரி. மறந்துவைத்துவிடுவேன் என்ற பயத்தில் அந்தப் பித்தளையை ஒரு சிவப்புப் பூட்ஸ் கயிற்றால் மணிக்கட்டோடு கட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஆர்லிஸ் ஒரு கையில் காபியோடும் மறு கையில் இரண்டு காகிதத் தட்டோடும் கொட்டிலிலிருந்து வெளியே வந்தார். தேவாலய விருந்தில் சாப்பிட்டுத் துடைத்து வைத்த தட்டுகள். என்னுடையதில் பீன்ஸ் கறை இருந்தது. கறையைக் கணக்கில் சேர்க்க முடியாது என்றார்.

டெல்மர் என் கையைப் பார்த்தான். "அது என்ன மச்சான், கயிறு? ஓடிப்போயிருமா?"

"உன்னோடது ஒரு தடவை வீட்லயே தங்கிருச்சுல்ல. அது மாதிரி ஆகக் கூடாதுன்னுதான்."

"உதடு நல்லா ஆறியிருக்கே," என்றான்.

அவன் மூன்று அம்பையும் ஒன்றோடொன்று உரசுகிற மாதிரி தட்டின் நடுவில் விட்டான். பிறகு கொட்டாவி விட்டான். நாலு மணிக்கே எழுந்து பால் கறந்தவன். ஆனால் அந்தக் கொட்டாவி எனக்காக விட்டது.

என் முதல் அம்பு பீன்ஸ் கறையில் குத்தியது. இரண்டாவது அதற்கு மேலே நான்கு விரல் தள்ளி, உள்ளேதான். மூன்றாவதுக்கு இழுத்தேன். குறிமுள் தட்டுக்குள் போய் வெளியே வந்தது. மறுபடி போனது, வந்தது. உள்ளே போகும் அந்த நொடியில் கட்டைவிரல் துள்ளப் பார்த்தது. பன்னிரண்டே நாளில் அதுவும் கற்றுக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. எனக்குக் குதிரைமசால் வயல் ஞாபகம் வந்தது. கட்டைவிரலைப் பின்னால் எடுத்து, வில்லை இறக்கினேன்.

"என்ன ஆச்சு?" என்றார் ஆர்லிஸ்.

"நிக்கலை."

"தட்டு எங்கயும் போகலையே."

"நான் நிக்கலை, ஆர்லிஸ்."

கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி இழுத்தேன். இந்தத் தடவை காத்திருந்தேன். அம்பு அதுவாகவே போனது.

ஆர்லிஸ் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு உருளை வரைக்கும் நடந்தார். நாங்களும் போனோம். மூன்றாவது அம்பு தட்டின் விளிம்பை அரை நிலாவாகக் கிழித்துக்கொண்டு நின்றது. பாதி தண்டு தட்டில், பாதி வைக்கோலில்.

"நீ சொல்லு," என்று டெல்மரைப் பார்த்தார். "உள்ளயா, வெளியவா?"

வெளியே என்று சொன்னால் மேடு முழுக்க அவனுக்குத்தான். அவனுக்கும் அது தெரியும். தேவைக்கு மேலேயே குனிந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். எனக்குப் பல்லின் உடைந்த நுனி நாக்கில் உறுத்தியது.

"லாடம் எறியற ஆட்டத்துல கம்பத்துல சாஞ்சு நின்னாலும் புள்ளி உண்டு," என்றான்.

"இது லாடம் இல்ல."

"தட்டு கிழிஞ்சிருக்கு, ஆர்லிஸ். வெளிய போயிருந்தா தட்டு ஏன் கிழியப் போகுது? உள்ளதான்."

ஆர்லிஸ் என்னைப் பார்த்தார். "போன வருஷமும் இழுத்துட்டு இறக்கியிருக்கலாம்."

"இறக்கியிருக்கலாம்," என்றேன்.

அவர் அம்புகளைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். "வடக்குப் பரண் மட்டும். இருபது கஜத்துக்கு மேல விடக் கூடாது. தரை உறையறதுக்கு முன்னால என் கிடாரி ஒம்பதுக்கும் குளம்பு பாத்துரு." தட்டுகளை மடித்துப் போட்டுவிட்டுக் காபியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

கிடாரிகளைச் செப்டம்பரிலேயே பார்த்து முடித்தேன். அக்டோபர் மூன்றாம் வாரம், பதினேழு கஜத்தில் ஒரு பெட்டை வந்தது. இழுத்தேன், அது முன்னங்கால் நெஞ்சை மறைத்தபடி நின்றதால் இறக்கினேன். அது ஓக் காய் பொறுக்கித் தின்று, திரும்பி, விலாவைக் காட்டியது. மறுபடி இழுத்தேன். நாற்பதடி ஓடிக் கண்ணெதிரிலேயே விழுந்தது. தேட வேண்டியிருக்கவில்லை. பரணிலிருந்து இறங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

முதுகுக்கறியில் ஒரு பாதி ஆர்லிஸுக்குப் போனது. மறு பாதியைத் தாளில் சுற்றி டெல்மர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவன் வாசற்படியில் நின்று அதைக் கையில் வாங்கி எடை பார்த்தான். திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"கறி வேணாம் மச்சான். நீ வாயால தர வேண்டியது ஒண்ணு இருக்கு."

"வெள்ளிக்கிழமை."

"எந்த வெள்ளிக்கிழமை?"

முதல் வெள்ளிக்கிழமை என் வாய் நிறைய மீன் இருந்தது. வாயில் வைத்துக்கொண்டு பேசக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்து வளர்த்திருக்கிறார்கள். இரண்டாம் வெள்ளிக்கிழமை எழுந்தே நின்றுவிட்டேன். பார் முழுக்கத் திரும்பியது. ஜோலின் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். டெல்மர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். நான் லெனோரிடம் இன்னொரு கிண்ணம் முட்டைக்கோஸ் பச்சடி கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். மூன்றாம் வெள்ளிக்கிழமை, அந்தப் பித்தளை என் மணிக்கட்டில்தான் கட்டியிருந்தது, ஆக எது மணிக்கட்டு, எது கட்டைவிரல் என்பதே இன்னும் முடிவாகவில்லை என்று வாதாடினேன்.

"உன் கயிறு அது. என் குமிழ்," என்றான் டெல்மர்.

இரண்டாவது வேட்டைக்காலமும் வந்துவிட்டது. அவனுடைய ரிலீஸ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, கயிறுதான் புதிது. டெல்மருக்கு நான் தர வேண்டிய கடன் ஒரே ஒரு வாக்கியம்: பதினொரு வருஷமா டெல்மர் சொன்னதுதான் சரி. இப்போது அதைப் பன்னிரண்டு என்று சொல்ல வேண்டுமாம். இன்னும் கொடுக்கவில்லை.